சுவர்ப் பக்கம் யாருக்கு?

ஜூன் 12

அன்புள்ள பூனைக்கு,

"அக்கா, இன்னைக்குச் சுவர்ப் பக்கம் யாருக்கு?" என்று கேட்பாயே, நினைவிருக்கிறதா? உனக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. இருவருக்கும் ஒரே கட்டில். நாலடி அகலம், ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் அப்பா பழைய காலண்டர் அட்டையை மடித்து வைத்திருப்பார். பஞ்சு மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். யார் எங்கே படுத்தாலும் விடியும்போது இருவரும் அந்தப் பள்ளத்தில்தான் கிடப்போம். ஆனாலும் சுவர்ப் பக்கத்துக்குத்தான் அடிதடி. கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஜில்லென்று இருக்கும், கீழே விழும் பயமும் கிடையாது. ஒரு நாள் நம் சத்தம் தாங்காமல் அம்மா கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். அன்றைக்குத்தான் நான் சட்டம் போட்டேன். இரட்டைப்படைத் தேதி எனக்கு, ஒற்றைப்படைத் தேதி உனக்கு. காலண்டரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படுக்க வேண்டியது.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பாய். நீ இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம், ஜூலை முடிவதற்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். சித்தி சொன்னாள். உன் மகன் தன்னிடம் வரச் சொன்னதற்கு, அந்த ஊர்க் குளிர் உனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டாயாம். உன் வீட்டுக்காரர் இருந்தவரை சரி. இனி தனியாக எங்கே போய் வீடு தேடுவாய்?

இங்கே வந்துவிடேன். சின்ன அறை சும்மாதான் கிடக்கிறது. பத்தடிக்கு ஒன்பதடி, கிழக்கே ஜன்னல். வெளியே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. காலையில் ட்யூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான் தொந்தரவு. அறையில் கட்டில் இல்லை, வாங்க வேண்டும். உனக்கு எது சௌகரியம்? கெட்டியான மெத்தையா, மெத்தென்று இருப்பதா? எழுது.

போனில் கேட்டிருக்கலாம். எனக்கு இப்போது பாதிதான் காதில் விழுகிறது. அது மட்டுமில்லை, போனை எடுத்தால் நாம் இருவரும் "நல்லாயிருக்கியா"வைத் தாண்டுவதில்லையே.

உன்
அக்கா

----

ஜூன் 20

அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நலம், உன் நலம் அறிய ஆவல்.

வீடு காலி செய்வது உண்மைதான். இங்கேயே வயதான பெண்களுக்கான விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓர் அறை இருக்கிறது. கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் அவர்களே போட்டிருக்கிறார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஜூலை இருபத்தைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மெத்தை விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. உனக்கு எதற்குச் சிரமம்.

இப்படிக்கு,
தங்கை

----

ஜூன் 27

அன்புள்ள பூனைக்கு,

முப்பது வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் என்பதற்காகக் கடிதத்தையும் டிக்கெட் அளவுக்குத்தான் எழுத வேண்டுமா? ஒரு பக்கம் கிழித்துக் கொடுத்துவிட்டு "அடுத்தவங்க வாங்க" என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

நீ அபிப்பிராயம் இல்லை என்றாலும் நான் கடைக்குப் போனேன். இன்ச் டேப், நோட்டுப் புத்தகம், பென்சில் சகிதம். கடைக்காரர் டை கட்டிய பெரிய மனிதர். ஒவ்வொரு மெத்தையையும் உள்ளங்கையால் அமுக்கிக் காட்டி, "நீங்களே பாருங்க மேடம், எப்படி எழும்புது" என்றார். "சார், படுக்கப் போறது கை இல்லையே, முதுகு" என்றேன். கையால் அமுக்கி மெத்தை வாங்குவது, அட்டையைப் பார்த்துப் பரீட்சை நோட்டுக்கு மார்க் போடுவது மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டேன்.

பக்கத்து மெத்தையில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள், "கல்லு மாதிரி இருக்குங்க" என்றாள். அவர், "கல்லுதான் முதுகுக்கு நல்லது" என்றார். "அப்ப நீங்க தரையில படுங்க, நான் மெத்தையில படுத்துக்கறேன், ரெண்டு பேருக்கும் நல்லது" என்றாள் அவள். நான் சிரித்ததில் கட்டிலே ஆடியது. இந்த இடத்தில்தான் ஒன்று நடந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது மெத்தையில் கண்ணை மூடிப் பார்த்தேனா, அப்படியே அசந்துவிட்டேன். "மேடம்... மேடம்... இது டிஸ்ப்ளேக்கு வெச்சது" என்று கடைக்காரர் எழுப்புகிறார்.

என் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவள் சொல்லிக் கொடுத்த சோதனை இது. மல்லாந்து படுத்துக்கொண்டு இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைக்க வேண்டும். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அளவுக்கு மீறிக் கெட்டி. நுழையவே மறுத்தால் அளவுக்கு மீறி மென்மை. கொஞ்சம் நெருக்கிக்கொண்டு போனால் சரி. கட்டில் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்பக் கூடாது.

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியில் கடைக்காரர், "படுக்கப் போறவங்க எப்படிப் படுப்பாங்க? மல்லாந்தா, ஒருக்களிச்சா?" என்று கேட்டார். "பூனை மாதிரி சுருண்டு" என்றேன். "இப்பவுமா?" என்றார்.

நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ இப்போது எப்படிப் படுக்கிறாய்? இதையாவது எழுது.

உன்
அக்கா

----

ஜூலை 5

அக்காவுக்கு,

டிக்கெட் அளவு என்று எழுதியிருந்தாய். சரி, இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன்.

நீ கடையில் படுத்துத் தூங்கியதைப் படித்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். மெத்தைக் கடை என்றால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து மூன்றாம் நாள். வேலையில் நேரத்தை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். எதை வாங்குவது என்று தெரியவில்லை. கடை போனிலிருந்து, நீ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மையத்துக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். ஏழு நிமிடம் காத்திருந்தேன். "அக்கா, கெட்டியா வாங்கட்டுமா, மெத்துனு வாங்கட்டுமா?" என்று கேட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "மெத்துனே வாங்கு. அம்மா எலும்பும் தோலுமா இருக்கா, கெட்டின்னா குத்தும். எனக்கு இன்னும் எண்பத்தேழு பேப்பர் பாக்கி, வெச்சுடறேன்."

வாங்கினேன். அம்மா அதில் புதைந்துவிட்டாள். பழைய படுக்கையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே ஒருக்களிப்பாள். இதில் சட்டம் கைக்கு எட்டவில்லை, எட்டினாலும் உடம்பு எழும்பவில்லை. நான் வேலைக்குப் போய்விட்டு வரும்வரை போட்டது போட்டபடி கிடந்தாள். ஐந்து வாரம் கழித்து நீ வந்தாய். நர்ஸ் அம்மாவைப் புரட்டி முதுகுப் புண்ணைக் காட்டினாள். "மெத்தை இவ்வளவு அமுங்கினா இவங்களால தானா புரள முடியாதும்மா" என்றாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"யாரைக் கேட்டு இதை வாங்கினே?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "உன்னைக் கேட்டுத்தான்." ஆனால் அம்மா கண்ணைத் திறந்து நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். சாயங்காலத்துக்குள் உனக்கே ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அம்மாவின் உயிர் போனது இதயம் நின்றதால் என்று டாக்டர் சொன்னார். நீயும் கூட நின்று கேட்டாய். ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் "மெத்தைதான் சரியா அமையல, இவ வாங்கினது" என்றாய். இன்றைக்கும் சித்தி என்னிடம் பேசினால் இரண்டாவது வாக்கியம் அதுதான்.

அந்த மெத்தையைக் கொடுத்துவிட்டேன். பிறகு மெத்தைக் கடை வாசலை நான் மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வாங்கியதில்தான் இன்னும் படுக்கிறேன். அதுவும் நடுவில் பள்ளம். காலையில் எழுந்து நிமிர ஐந்து நிமிடம் ஆகிறது. இருந்தாலும், கெட்டியா மெத்தென்றா என்று நீ கேட்டால் என்னால் வாயைத் திறக்க முடியாது.

எனக்கு விடுதி மெத்தை போதும்.

தங்கை

----

ஜூலை 12

என் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் முறை படித்தபோது "இல்லை" என்றேன். வீட்டில் ஆளே இல்லை, வாய்விட்டுச் சொன்னேன். நீ வேறு யாரையோ கேட்டிருக்கிறாய், துக்கத்தில் குழப்பிக்கொண்டாய் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்வதுதான் என் தொழிலாயிற்றே.

எண்பத்தேழு என்ற எண்தான் என்னை விடவில்லை.

அந்த வருடம் மையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவளை யாரோ போனில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், பேனாவை மூடாமல் ஓடினேன். பேசிவிட்டு வைத்தால் ரிசீவர் முழுக்கச் சிவப்பு மை. குமாஸ்தா, "என்ன டீச்சர், போனையும் திருத்திட்டீங்களா?" என்றார். இதைப் பத்து இடத்திலாவது சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் பிரிவு உபசார விழாவில் மேடையிலேயே சொன்னேன். அந்தப் போன் யாரிடமிருந்து வந்தது என்று சிரித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அது உன் போன். நேற்று மதியம் சோற்றில் கை வைத்தபோது உன் குரல் கேட்டது. பின்னால் ஏதோ வண்டிச் சத்தம், நீ கொஞ்சம் கத்திப் பேசுகிறாய். "மெத்துனே வாங்கு" என்று சொன்னது நான்தான். நீ சொன்னபடியே, வார்த்தைக்கு வார்த்தை.

யாரைக் கேட்டு வாங்கினாய் என்று கேட்டேனே. என்னைக் கேட்டு வாங்கினாய். தப்பு என்னுடையது. மெத்தையைப் பற்றித் தப்பாகச் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், தெரியாமல் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். அதை உன் தலையில் கட்டிவிட்டு ஊரெல்லாம் சொன்னேனே, அதுதான் தப்பு.

பேப்பர் திருத்தும்போது கூட்டலில் தப்பு வரும். மார்க் குறைந்த பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும், அசடு வழிந்துகொண்டே திருத்திக் கொடுப்போம். வந்து கேட்காத பிள்ளைக்கு அந்தத் தப்பு அப்படியே நின்றுவிடும். நீ வந்து கேட்காத பிள்ளை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னோடு ஒரே பள்ளத்தில் கிடந்தவள் நான்.

மன்னித்துவிடு. இதற்குப் பக்கத்தில் எழுத எந்த உதாரணமும் என்னிடம் இல்லை.

அக்கா

----

ஜூலை 19

பூனைக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்த்து எழுதவில்லை, ஒரு செய்தி சொல்லத்தான்.

சித்திக்குப் போன் செய்தேன். அவள் காது என் காதைவிட மோசம். "மெத்துனு வாங்கச் சொன்னது நான்!" என்றேன். "யாரு?" என்றாள். "நான்! அவ என்னைக் கேட்டுத்தான் வாங்கினா! நான் மறந்துட்டேன்!" மூன்று முறை கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்னும் நாலு பேர். ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

கட்டில் மட்டும் வாங்கிவிட்டேன். மெத்தையும் சேர்ந்தால் பதினெட்டு அங்குல உயரம் வரும். உன் உயரம் என்னைவிட இரண்டு விரல் குறைவு என்ற பழைய கணக்கை வைத்துச் சொன்னேன். மெத்தை வாங்கவில்லை. நீ வராவிட்டால் அது வெறும் பலகையாகவே இருக்கும். விடுதிதான் உனக்கு நிம்மதி என்றால் போ. விலாசம் மட்டும் எழுது, பார்க்க வருகிறேன்.

அக்கா

----

ஜூலை 26

அக்கா,

சித்தி பேசினாள். "தப்பு அவளோடதாம்டி. பன்னண்டு வருஷமா உன்னை வாயில வந்தபடி சொல்லிட்டேனே, நான் இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்கிட்ட பேசுவேன்?" என்று ஒரே அழுகை. கடைசியில் நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. நீ தப்பு செய்தாலும் எனக்குத்தான் வேலை.

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. ஆனால் நேற்றுக் காலை எழுந்து உட்கார்ந்தபோது, சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது நெஞ்சில் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. முதுகு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ மறந்தது தப்பு என்றால் நான் சொல்லாமல் இருந்ததும் ஒரு தப்புத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு அன்றைக்கே முடித்திருப்போம்.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. நீ போட்ட சட்டத்தில் ஓட்டை இருந்தது, அக்கா. முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றும் ஒற்றைப்படை. வருடத்துக்கு ஏழு முறை எனக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் சுவர்ப் பக்கம். கணக்கில் நூறு வாங்குகிறவள் கவனிக்கவில்லையே என்று தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நீ கல்யாணமே வேண்டாம் என்று வேலைக்குப் போன பிறகும், நான் கல்யாணமாகிப் போகும்வரை அந்தத் திருட்டைச் செய்தேன்.

விடுதிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அங்கே வந்து சேரும் பஸ். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின்.

உன் கடைக்காரர் கேட்டாரே, அவரிடம் சொல். பூனை இப்போது சுருண்டு படுப்பதில்லை. மல்லாந்துதான். முதுகு சுருள விடுவதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. நான் வருவதற்குள் மெத்தையை வாங்கிவிடாதே.

பூனை

----

ஜூலை 31

என் பூனைக்கு,

உன்னைக் கூட்டிவர பஸ் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். இதை உன் கட்டில் பலகை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நேரில் பார்த்தால் நாம் "நல்லாயிருக்கியா" என்பதோடு நின்றுவிடுவோம், பெட்டியை யார் தூக்குவது என்று சண்டை போடுவோம். நான் சொல்ல நினைத்தது நின்றுபோகும்.

சட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியும். போட்ட மாதமே தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு நாள் நீ காலண்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏறிப் படுத்தாய். முகத்தை மட்டும்தான் மறைத்தாய், தலையணை குலுங்கியதே. திருத்த மனம் வரவில்லை. அந்த ஏழு முறைக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன் என்பது உனக்குத் தெரியாது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கடை திறக்கிறார்கள். ஆளுக்கொரு மெத்தையில் ஏறிப் படுப்போம். அந்த டை கட்டிய மனிதர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நாம் இருவரும் தலையாட்டாமல் எதையும் வாங்குவதில்லை.

இன்றைக்கும் நாளைக்கும் என் கட்டிலில் என்னோடு படுத்துக்கொள். இடம் போதும், நாலரை அடி. இன்று முப்பத்தொன்று, நாளை ஒன்று. சுவர்ப் பக்கம் இரண்டு நாளும் உன்னுடையதுதான்.

கடைக்குப் போவதற்கு முன் என் மெத்தையிலேயே ஒரு முறை பழகிக்கொள். மல்லாந்து படு, கண்ணை மூடு, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார், பிறகு கெட்டியா மெத்தென்றா என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்.

உன்
அக்கா